வெண்ணிலா விழவில்லை

வெண்ணிலாவுக்கு நன்றாக விழத் தெரியும்.

சிரிக்காதீர்கள். ஜூடோ வகுப்பில் சேர்ந்தால் முதல் இரண்டு மாதம் விழத்தான் சொல்லித் தருவார்கள். பின்பக்கம் விழ வேண்டும், பக்கவாட்டில் விழ வேண்டும், உருண்டு விழ வேண்டும். முகவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் தலை தரையில் படாது. முதுகு மெத்தையைத் தொடும் அதே நொடியில் கையால் பட்டென்று ஓங்கித் தட்ட வேண்டும். இப்படி அடிபடாமல் விழுவதற்கு ஜப்பானிய மொழியில் ‘உகேமி’ என்று பெயர்.

வெண்ணிலா விழுந்தால் அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும். எழுந்திருக்கும்போது சிரித்துக்கொண்டே எழுவாள்.

அவள் திண்டிவனத்தில் ஆறாம் வகுப்பு படித்தாள். செவ்வாயும் வெள்ளியும் பள்ளி விட்ட பிறகு பிரார்த்தனைக் கூடத்தில் ஜூடோ வகுப்பு நடக்கும். தமிழ்மணி மிஸ் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்து சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, நீலமும் சிவப்புமான மெத்தைகளைப் பரப்புவார்கள். மொத்தம் முப்பது பேர்.

ஜூடோவைத் தனியாகப் பழக முடியாது. தூக்கிப் போட ஒருவர் வேண்டும், விழ ஒருவர் வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஜோடிக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். “உன் ஜோடி தன்னோட உடம்பை உன் கையில ஒப்படைக்கிறா. அதுக்குத்தான் இந்த வணக்கம்” என்று மிஸ் முதல் நாளே சொல்லியிருந்தார்.

வெண்ணிலாவின் ஜோடி அஸ்வினி.

அஸ்வினி ஜூன் மாதம்தான் செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து இந்தப் பள்ளியில் சேர்ந்தவள். ஒல்லியாக இருப்பாள். பள்ளியில் கொடுத்த ஜூடோ அங்கி அவளுக்கு மிகப் பெரியது. இன்னொரு அஸ்வினியையும் உள்ளே வைத்துக் கட்டலாம். கைகளை மூன்று மடிப்பு மடித்து விட்டிருப்பாள். பயிற்சியில் அந்த மடிப்புகள் அவிழ்ந்து, கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

அவளுக்கு விழ வந்தது. தூக்கிப் போடத்தான் வரவில்லை.

ஆகஸ்ட் மாதம் மிஸ் ‘ஓகோஷி’ சொல்லிக் கொடுத்தார். எதிரில் இருப்பவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். மறு கையால் அவர் இடுப்பை வளைத்துக்கொண்டு, சட்டென்று திரும்பி, அவரை நம் இடுப்பின் மேல் ஏற்றி முன்பக்கமாகப் போட வேண்டும். எல்லோருக்கும் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அஸ்வினி மட்டும் ஒவ்வொரு முறையும் பாதித் திருப்பத்தில், வாசலில் குறுக்காகச் சிக்கிய கட்டில் போல நின்றுவிடுவாள். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அங்கியை மடித்துக் கொடுக்கும்போது அஸ்வினி சொன்னாள்.

“செவ்வாக்கிழமைலேர்ந்து நான் வர்ல. எனக்கு இதெல்லாம் வராதுடி.”

அவள் அழவில்லை. மழை வரும் என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் வெண்ணிலாவுக்கு அதிகமாக வலித்தது. வகுப்பறையில் அஸ்வினி யாரோடும் பேசுவதில்லை. ஜூடோ கூடத்தில் மட்டும்தான் அவள் வாய் திறக்கும். அதுவும் போய்விட்டால்?

இன்னும் ஒரே ஒரு நாள் வரச் சொல்லி வெண்ணிலா கெஞ்சினாள். அஸ்வினியும் சரி என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அஸ்வினி இடுப்பை வளைத்துத் திரும்பியதும், வெண்ணிலா யாருக்கும் தெரியாமல் லேசாகக் குதித்தாள். அவ்வளவுதான். அவள் உடம்பு அஸ்வினியின் இடுப்புக்கு மேல் பறந்து போய் மெத்தையில் விழுந்தது. படார்!

கூடமே திரும்பிப் பார்த்தது. அஸ்வினி தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“வந்துடுச்சு” என்றாள் மெதுவாக.

வெண்ணிலாவுக்குப் பரிசு வாங்கியது போல இருந்தது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அஸ்வினி வெள்ளிக்கிழமையும் வந்தாள், சிரித்த முகத்தோடு. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு குதிக்காமல் இருக்க முடியுமா? அடுத்த வாரமும் குதித்தாள். அதற்கடுத்த வாரமும் குதித்தாள். குதிப்பதிலும் அவள் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்ஸின் கண்ணுக்குக்கூட அது தெரியவில்லை. புதுப் பிள்ளைகளுக்கு நிஜமான மோதல் ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. எல்லோரும் அவரவர் ஜோடியோடு மட்டுமே பழகினார்கள்.

அஸ்வினி வகுப்பறையிலும் பேச ஆரம்பித்தாள். ஒரு முறை பேசிக்கொண்டே இருந்ததற்காகக் கணக்கு டீச்சரிடம் திட்டுக்கூட வாங்கினாள்.

அக்டோபரில் மிஸ் ஒரு செய்தி கொண்டு வந்தார். இன்னும் நான்கு வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில் பள்ளிகளுக்கு இடையே ஜூடோப் போட்டி. எடை வாரியாகப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். இருபத்தெட்டு கிலோவுக்குக் கீழே பெண்களில் இருந்தது அஸ்வினி ஒருத்திதான். அதனால் அவள் பெயர் பட்டியலில் ஏறியது. வெண்ணிலா இருபத்தொன்பதரை கிலோ. அந்தப் பிரிவுக்கு ஏழாம் வகுப்பு மலர்விழி தேர்வானாள்.

வெண்ணிலாவையும் விழுப்புரத்துக்கு வரச் சொன்னார் மிஸ். போட்டிக்கு முன்னால் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள அஸ்வினிக்கு ஒரு ஜோடி வேண்டுமாம்.

முதலில் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தார்கள். வெண்ணிலா வேறு எதையும் யோசிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. திங்கள்கிழமை பள்ளிக்குள் நுழைந்ததுமே அஸ்வினி ஓடி வந்தாள்.

“நீ ஏண்டி வர்ல? மிஸ் என்னை மலர்விழி அக்காகூட போட்டுட்டாங்க. அது ரொம்ப வீம்பு புடிச்சது. பத்து தடவை தூக்கினேன், விழவே இல்ல. வேணும்னே மரம் மாதிரி நின்னுக்கினு இருந்துச்சு. உன்கிட்டன்னா எவ்ளோ நல்லா வருது எனக்கு.”

வெண்ணிலா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

“அப்புறம் இன்னொன்னு” என்றாள் அஸ்வினி. “போட்டி அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, மார்க்கெட்ல லோடு ஜாஸ்தி. ஆனா எங்க அப்பா இப்பவே லீவு கேட்டுட்டாரு. அவர்கூட மூட்டை எறக்கறவங்க நாலு பேரும் பாக்க வராங்க. எம் பொண்ணு தூக்கறதைப் பாருங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காராம்.”

அஸ்வினியின் அப்பா சகாயராஜ் விழுப்புரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை செய்பவர். விடியும் முன்பே ரயில் ஏறிப் போனால் மாலையில்தான் திரும்புவார்.

வெண்ணிலா, காய்ச்சல் திரும்பி வருகிறதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. விழுப்புரத்தில் எதிரே நிற்கப் போகிறவள் குதிக்க மாட்டாள். அப்பா பார்ப்பார். அப்பாவோடு நாலு பேர் பார்ப்பார்கள். வாசலில் சிக்கிய கட்டில் போல அஸ்வினி நிற்பாள்.

அன்று மாலை வெண்ணிலா தன் ஊருக்குப் பேருந்தில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போனாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் மல்லாட்டைக் காட்டில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அவள் தம்பி வல்லரசு மட்டும் இருந்தான். அவனுக்கு ஆறு வயது.

“டேய், இங்க வா. உன்னைத் தூக்கிப் போடப் போறேன்.”

வல்லரசு மறுப்பு ஏதும் சொல்லாமல் உடனே வந்தான்.

வீட்டில் இருந்த பஞ்சு மெத்தை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். அஸ்வினி எப்படித் திரும்புவாளோ அப்படியே திரும்பிப் பார்த்தாள். வல்லரசு அசையவில்லை. இன்னொரு முறை செய்தாள். அப்போதும் அவன் அசையாமல் அக்காவின் முதுகை முகர்ந்து பார்த்துவிட்டு, வேர்வை நாற்றம் அடிக்கிறது என்றான். மூன்றாம் முறை, முதலில் அவன் கையை நன்றாக இழுத்துவிட்டு, முழங்காலை மடக்கிக் கீழே இறங்கித் திரும்பினாள். வல்லரசு அழகாகச் சுற்றிக்கொண்டு மெத்தையில் விழுந்தான்.

“இன்னொருவாட்டி” என்றான்.

ஒன்பது முறை தூக்கிப் போட்டாள். இரண்டு தப்புகள் பிடிபட்டன. அஸ்வினி இழுக்காமலே திரும்புகிறாள். முழங்காலை மடக்காமல் விறைப்பாக நிற்கிறாள். இத்தனை வாரம் அவள் இடுப்பின் மேல் ஏறி இறங்கியதில் இது வெண்ணிலாவின் உடம்புக்கு எப்போதோ தெரிந்திருந்தது. இப்போதுதான் மனசுக்கும் தெரிந்தது.

மறுநாள் வகுப்பில் வணக்கம் சொல்லி முடித்ததும், முதலில் கையை இழு, பிறகு முழங்காலை மடக்கு என்று அஸ்வினியிடம் சொன்னாள்.

“எதுக்கு? இப்படியே நல்லாத்தானே வருது” என்றாள் அஸ்வினி.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நன்றாக வருவதை யார் மாற்றுவார்கள்? வெண்ணிலா மூச்சை இழுத்து விட்டாள். இரண்டு பாதங்களையும் மெத்தையில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

அஸ்வினி திரும்பினாள். வெண்ணிலா விழவில்லை.

அஸ்வினி சிரித்துக்கொண்டு மறுபடியும் திரும்பினாள். அப்போதும் விழவில்லை. மூன்றாம் முறை சிரிப்பு போய்விட்டது. நான்காம் முறை காதோரமாகச் சொன்னாள்.

“இன்னாடி பண்றே? விழு.”

“நீ தூக்கு. நான் விழறேன்.”

அஸ்வினி பிடியை விட்டாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

“மிஸ் என்னை எடுத்துட்டாங்க, உன்னை எடுக்கல. அதான் உனக்குப் பொறாமை. அந்த மலர்விழி அக்கா சொல்லிக் குடுத்துச்சா?”

வெண்ணிலாவுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் சுற்றிலும் எல்லோரும் இருந்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள், வயிறு வலிக்கிறது என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு அஸ்வினி வெளியே போய்விட்டாள். ஜோடிக்குச் சொல்ல வேண்டிய கடைசி வணக்கத்தைக்கூட அவள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பறையில் அவள் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை ஜூடோவுக்கு வரவில்லை.

மிஸ் கவலைப்பட்டார். போட்டிக்கான கடைசிப் பட்டியலைச் செவ்வாய்க்கிழமை அனுப்ப வேண்டும். அஸ்வினி அன்றும் வராவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வெண்ணிலா மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். குதித்ததை, குதித்துக்கொண்டே இருந்ததை, செவ்வாய்க்கிழமை குதிக்காததை.

மிஸ் திட்டவில்லை. தானும் ஒரு முறையாவது பக்கத்தில் வந்து பார்த்திருக்க வேண்டும் என்றார். அஸ்வினியிடம் தான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டார்.

“வேணாம் மிஸ். நான் பண்ணதை நானே சொல்றேன்” என்றாள் வெண்ணிலா.

சனிக்கிழமை காலை, அம்மா ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டை கொடுத்து அனுப்பினார். திண்டிவனத்தில் ரோஷணைப் பகுதியில் அஸ்வினியின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அஸ்வினியின் அம்மா கதவைத் திறந்து முகமெல்லாம் சிரித்தார்.

“நீதான் வெண்ணிலாவா? வா கண்ணு. வீட்டுல எப்பவும் உன் பேச்சுதான். உன்னாலதான் அவ தைரியமா ஆயிட்டா.”

கேப்பை அடை ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். வெண்ணிலா ஒரு வாய் பிட்டுத் தின்றுவிட்டுத் தட்டை வைத்தாள். அஸ்வினி பின்பக்கம் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வெண்ணிலா பக்கத்தில் போய் நின்றாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எனக்குப் பொறாமை இல்லடி” என்றாள் வெண்ணிலா. “இவ்ளோ நாளா நானாதான் குதிச்சு விழுந்தேன். நீ போயிடுவேன்னு சொன்னியே, அதான்.”

அஸ்வினியின் கை அப்படியே நின்றது. குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“எல்லாத் தடவையுமா?”

“எல்லாத் தடவையும்.”

“மொத தடவையுமா? எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களே, அப்பவுமா?”

வெண்ணிலா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அந்த ஒரு தடவையை மட்டுமாவது நிஜம் என்று சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் சொல்லவில்லை.

அஸ்வினி குழாயை மூடினாள். சட்டையை முறுக்கிப் பிழிந்தாள். பிழிந்து முடித்ததையே மறுபடியும் பிழிந்தாள்.

“நீ போ” என்றாள்.

வெண்ணிலா போய்விட்டாள். பேருந்து நிலையம் வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வல்லரசு தன்னைத் தூக்கிப் போடச் சொல்லி நச்சரித்தான். அவள் எழுந்திருக்கவே இல்லை.

திங்கள்கிழமை மதியம், சாப்பாட்டு மணி அடித்த பிறகு, அஸ்வினி வேப்பமரத்தடியில் வந்து அவள் முன்னால் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

“எனக்கு எது வர்ல? சொல்லு.”

வெண்ணிலா சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தாள். கையை இழுப்பதையும் முழங்கால் மடக்குவதையும் எழுந்து நின்று செய்து காட்டினாள். அஸ்வினி கவனமாகப் பார்த்தாள்.

“ஒரு கண்டிஷன்” என்றாள் கடைசியில். “எங்க அப்பா வராரே, பாவமேன்னு நெனச்சுக்கினு நீ ஒரு தடவை குதிச்சாலும், அப்புறம் நான் உன்கூடப் பேசவே மாட்டேன்.”

“குதிக்க மாட்டேன்” என்றாள் வெண்ணிலா.

அன்றிலிருந்து தினமும் மதியம் மரத்தடியில் பயிற்சி. அங்கே மெத்தை இல்லை, அதனால் தூக்கிப் போட மாட்டார்கள். இழு, மடக்கு, திரும்பு, அப்படியே நில். மறுபடியும் இழு, மடக்கு, திரும்பு. ஒரு மதியத்துக்கு ஐம்பது தடவை. செவ்வாயும் வெள்ளியும் மெத்தையில் நிஜமாகத் தூக்கிப் பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை அஸ்வினிக்குத் தூக்க வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. ஒவ்வொரு முறை அஸ்வினி பாதியில் நிற்கும்போதும், இன்னும் கீழே போ, இப்போது இழுக்க மறந்துவிட்டாய், இப்போது பரவாயில்லை என்று வெண்ணிலா சொல்லிக்கொண்டே இருந்தாள். விழாமல் நிற்பது விழுவதைவிடச் சிரமமாக இருந்தது அவளுக்கு.

நடுவில் ஒரு நாள் அஸ்வினி மலர்விழியிடம் போய் மன்னிப்புக் கேட்டாள்.

“எதுக்கு சாரி?” என்றாள் மலர்விழி.

“அன்னிக்கு நான் தூக்கறப்ப நீங்க வேணும்னே விழலன்னு நெனச்சுட்டேன்க்கா.”

மலர்விழி யோசித்தாள். “அன்னிக்கு என்னைத் தூக்கினியா? எனக்குத் தெரியவே இல்லையே” என்றாள். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. அஸ்வினிக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. மலர்விழியும் அன்றிலிருந்து தினமும் பத்து நிமிடம் அவளுக்காக மரம் மாதிரி நின்று கொடுத்தாள்.

போட்டி வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை, வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருந்தது. இருவரும் களைத்துவிட்டார்கள். அஸ்வினி பிடித்தாள். இழுத்தாள். வெண்ணிலா ஒரு அடி முன்னால் தடுமாறினாள். அடுத்து என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூரையில் சுற்றும் மின்விசிறி கண்ணுக்கு எதிரே தெரிந்தது. கை தானாக மெத்தையைத் தட்டியிருந்தது.

படுத்தபடியே அண்ணாந்து பார்த்தாள். அஸ்வினி அவள் சட்டைக் கையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இது நீயா, நானா?” என்று கேட்டாள்.

“நீ.”

“சத்தியமா?”

“குதிக்க டைமே இல்லடி” என்றாள் வெண்ணிலா.

அஸ்வினி இந்த முறை கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. “எழுந்திரு. இன்னொருவாட்டி” என்றாள். அதற்குப் பிறகு ஆறு முறை செய்தார்கள். நான்கு முறை வந்தது. இரண்டு முறை வரவில்லை. வராத இரண்டு முறையும் வெண்ணிலா உறுதியாக நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் போட்டி நடந்த கூடத்தில் கூட்டமான கூட்டம். அஸ்வினியின் அப்பா சகாயராஜ் வெளுத்த சட்டை போட்டு, தலையை வழித்து வாரிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய நண்பர்கள் நாலு பேர். மார்க்கெட்டிலிருந்து ஜல்தியாக ஓடி வந்ததில் ஒருவர் தோளில் கொத்தமல்லித் தழை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பெயர் விருத்தாசலம். மூட்டை இறக்கும்போது போடும் சத்தத்தை அவர் இங்கேயும் போட்டார்.

அஸ்வினியை எதிர்த்து நின்றவள் பொம்மையார்பாளையத்திலிருந்து வந்த பெண். உருண்டு திரண்ட தோள்கள். வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். நடுவர் ‘ஹஜிமே’ என்றார். தொடங்கு என்று அர்த்தம்.

தொடங்கிய உடனேயே அந்தப் பெண் அஸ்வினியின் காலைத் தட்டிவிட்டாள். அஸ்வினி பக்கவாட்டில் விழுந்தாள். எதிராளிக்கு அரைப் புள்ளி. சகாயராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அஸ்வினி எழுந்தாள். பிடித்தாள். திரும்பினாள். எதிராளி அசையவில்லை. மெத்தை ஓரத்தில் நின்ற வெண்ணிலாவின் குதிகால்கள் அவளுக்கே தெரியாமல் தரையைவிட்டு எழும்பின. சட்டென்று அழுத்திக்கொண்டாள்.

இரண்டாம் முறையும் அந்தப் பெண் அசையவில்லை. “விடாத பாப்பா” என்று விருத்தாசலம் போட்ட கூச்சலில் நடுவரே திரும்பிப் பார்த்தார். விருத்தாசலம் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அஸ்வினியின் முகத்தில் பயம் இருக்கிறதா என்று வெண்ணிலா தேடினாள். பயம் இல்லை. எதிரே நிற்பவர் விழாமல் நிற்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அவள் உதடு மட்டும் அசைந்தது. இழு, மடக்கு, திரும்பு.

மூன்றாம் முறை அவள் பலமாக இழுத்தாள். அந்தப் பெண் ஓர் அடி முன்னால் வந்தாள். அஸ்வினி அந்த ஓர் அடிக்குள் கீழே புகுந்து திரும்பினாள். உருண்டு திரண்ட தோள்கள் அவளுக்கு மேலாக வந்து மெத்தையில் முதுகு முழுசாகப் பட விழுந்தன. நடுவர் கையை நேராக உயர்த்தினார். முழுப் புள்ளி.

சகாயராஜ் கை தட்டவில்லை. தட்ட மறந்துவிட்டார். இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சேர்த்து மற்ற நாலு பேரும் தட்டினார்கள்.

அடுத்த ஆட்டத்தில் அஸ்வினி நாற்பது நொடியில் தோற்றுப் போனாள். எதிராளி ஏற்கெனவே இரண்டு பதக்கம் வாங்கியவளாம். அஸ்வினி எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, “அது எப்படித் தூக்கிச்சுன்னே தெரியலடி, சூப்பரா இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். மலர்விழிக்கு வெண்கலம் கிடைத்தது.

சகாயராஜ் எல்லோருக்கும் சுடச்சுட பஜ்ஜி வாங்கித் தந்தார். மாலை ரயிலில் திண்டிவனம் திரும்பினார்கள். மிஸ் அவர்களை விழுப்புரத்திலேயே வழியனுப்பிவிட்டார். மலர்விழி பதக்கத்தைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். சகாயராஜ் எதிரில் இருந்த யாரோ ஒருவரிடம் முழுப் புள்ளி என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டு வந்தார். வெண்ணிலாவும் அஸ்வினியும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

“வெண்ணிலா, ஒண்ணு சொல்லட்டா? கோச்சுக்க மாட்டியே?” என்றாள் அஸ்வினி.

“சொல்லு.”

“நீ என்னைத் தூக்கறப்ப, பாதியிலயே சட்டைக் கையை விட்டுடறே.”

“உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் விடறேன்.”

“நீ விட்டாத்தான் வலிக்குது. கடைசி வரைக்கும் புடிச்சுக்கினு இருந்தா நான் மெதுவா விழுவேன். நீ விட்டுட்டா தொப்புன்னு போய் விழறேன். தோளெல்லாம் பேஜாரா வலிக்கும்.”

வெண்ணிலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தூக்கிப் போடக் கற்ற நாளிலிருந்து அவள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்.

“இவ்ளோ நாளா ஏண்டி சொல்லல?”

அஸ்வினி ஜன்னல் கம்பியைச் சுரண்டினாள்.

“சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. ஆனால் மலர்விழி திடுக்கிட்டு விழித்து, அதற்குள் திண்டிவனம் வந்துவிட்டதா என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.